கூண்டை விட்டு இறங்கின பிறகு

ரொம்ப நாளா கடையைப் பூட்டி வச்சிருந்தேன் மக்களே. இப்பதான் ஒட்டடை அடிச்சுட்டு உட்கார்ந்திருக்கேன். எழுத விஷயம் இல்லாம இல்ல. இருந்த ஒரே விஷயத்தை எழுதலாமா வேணாமான்னு மனசுக்குள்ளயே வாய்தா மேல வாய்தா வாங்கிக்கிட்டு இருந்தேன். போன வாரம் வந்த ஒரு போன்தான் இதை எழுத வச்சுது.

நியூஜெர்சியில இருக்கற நண்பர். சிட்டிசன்ஷிப் வாங்கின சூட்டோட ஜூரி டியூட்டிக்குக் கடுதாசி வந்து, போய் உட்கார்ந்து, தீர்ப்பும் சொல்லிட்டு வந்திருக்கார். "வெளியே வந்து கார்ல ஏறினேன், ஸ்டார்ட் பண்ணத் தோணல. பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தா பொண்ணு ராத்திரிக்கு என்ன சாப்பாடுங்கறா. தோசையா சப்பாத்தியான்னு முடிவு பண்ண எனக்குத் தெம்பு இல்ல ஓய்"ன்னார். கடைசியா ஒண்ணு சொன்னார். "உங்களுக்கெல்லாம் இந்தத் தொல்லை இல்ல. குடுத்து வச்சவங்க."

ஜூரித் தொல்லை இல்லைங்கறது வாஸ்தவம்தான். ஆனா அதுக்கு அண்ணன் தம்பி முறையில ஒரு தொல்லை இருக்கு. அதைச் சொல்றதுக்கு முன்னாடி, ஜூரின்னு ஒண்ணு நம்ம பக்கத்துலயும் இருந்துச்சுங்கறதை ரெண்டு வரியில சொல்லிடறேன். இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு அது இங்கிலீஷ் படத்துல வர்ற சமாச்சாரம்.

சென்னை ஜார்ஜ் கோட்டையிலயே 1665ல ஜூரி வச்சு ஒரு கொலை வழக்கு நடந்திருக்கு. அசென்ஷியா டாஸ்னு ஒரு அம்மா, தன் வீட்டு அடிமைப் பொண்ணைக் கொன்னுட்டதாக் குற்றச்சாட்டு. அந்தம்மா விடுதலை ஆயிட்டாங்க. அதுக்கப்புறம் முன்னூறு வருஷத்துக்கு மேல ஏதோ ஒரு ரூபத்துல ஜூரி இந்த நாட்டுல இருந்துச்சு. நானாவதி வழக்குதான் கடைசி ஜூரி வழக்குன்னு எல்லாரும் எழுதறாங்க, அது சரியில்ல. 1959ல பம்பாய்ல 8 பேர் நிரபராதின்னும் ஒருத்தர் குற்றவாளின்னும் சொல்லி, அதை ஹைகோர்ட் தள்ளிவிட்டு தண்டனை குடுத்தது, 1961ல சுப்ரீம் கோர்ட் அதை உறுதி பண்ணினது எல்லாம் உண்மை. ஆனா ஜூரி முறையைச் சட்டத்துல இருந்து எடுத்தது 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்தான். இன்னைக்கு மிச்சம் இருக்கறது பார்சிக்காரங்க விவாகரத்து வழக்குல ஜட்ஜோட உட்கார்ற பிரதிநிதிகள் மட்டும். சிங்கப்பூர் 1969லயும் மலேசியா 1995லயும் ஜூரியை ஏறக்கட்டிடுச்சு, அந்த ஊர் நண்பர்களும் தப்பிச்சீங்க :-)

நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கற ஜூரி வழக்குன்னா லட்சுமிகாந்தன் கொலை வழக்குதான். 1944 நவம்பர்ல 'இந்து நேசன்' பத்திரிகை லட்சுமிகாந்தன் வேப்பேரியில கத்திக்குத்துப் பட்டு செத்துப்போனார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானாங்க. 1945 மே மாசம், 9 பேர் இருந்த ஜூரியில 6 பேர் குற்றவாளின்னாங்க, 3 பேர் இல்லைன்னாங்க. ஆயுள் தண்டனை. பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், திரும்ப ஹைகோர்ட்டுக்கு வந்து, 1947 ஏப்ரல்ல ரெண்டு பேரும் வெளியே வந்தாங்க.

பாகவதர் கதை தெரியும், கலைவாணர் கதை தெரியும். எனக்கு என்னமோ அந்த 9 பேர் நினைப்புதான் வரும். அன்னைக்கு சாயந்திரம் டிராம் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாங்க. பாகவதர் ஜெயில்ல இருந்தப்பவும் 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டர்ல ஓடிக்கிட்டிருந்துச்சு, மூணு தீபாவளி பார்த்த படம். ஹைகோர்ட்ல இருந்து அந்தத் தியேட்டர் ஒண்ணும் அதிக தூரம் இல்ல. போற வழியில சுவரொட்டியில அந்த முகத்தைப் பார்த்திருப்பாங்க. பக்கத்து வீட்டு கிராமபோன்ல அந்தக் குரல் கேட்டிருக்கும். வீட்டம்மா தட்டுல சோறு போட்டுக்கிட்டே, "நீங்க ஆறுல ஒருத்தரா, மூணுல ஒருத்தரா"ன்னு கேட்டிருப்பாங்களோ?

சரி, நம்ம கதைக்கு வர்றேன். கொசுவத்தியைச் சுத்திக்குங்க.

எங்க ஊர் உத்திரமேரூருக்குப் பக்கத்துல ஒரு கிராமம். 2019 ஆகஸ்ட்ல ஒருநாள் சாயந்திரம் ஆறு, ஆறரை இருக்கும். ரோட்டோர டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன். மாட்டுக்குப் புல் அறுத்து சைக்கிள் கேரியர்ல கட்டிக்கிட்டு எங்க ஊர்ப் பெரியவர் ஒருத்தர் ரோட்டைத் தாண்டினார். டவுன் பக்கத்துல இருந்து ஒரு குட்டியானை வண்டி, கடலை மூட்டை ஏத்திக்கிட்டு வந்துச்சு. நின்னுக்கிட்டிருந்த பஸ்ஸை ஏறி வெட்டி எடுத்தது. அவ்வளவுதான். புல்லுக்கட்டு ஒரு பக்கம், சைக்கிள் ஒரு பக்கம். செங்கல்பட்டுக்குக் கொண்டு போற வழியிலேயே பெரியவர் போயிட்டார்.

வண்டியை ஓட்டினது எங்க தெருப் பையன். அவங்க அம்மா என்னை அண்ணான்னு கூப்பிடும், பையன் மாமாம்பான். எங்க வீட்டுக்கு தினம் காலையில அரை லிட்டர் பால் ஊத்தறது அந்தம்மாதான். செத்துப்போன பெரியவரும் தூரத்துச் சொந்தம், அவர் வீட்டுப் பெரியம்மா என்னைத் தூக்கி வளர்த்தவங்க. கிராமத்துல இப்படித்தான். ஒரு வண்டி மோதினா, மோதினவனும் சொந்தம், மோதப்பட்டவரும் சொந்தம், பார்த்தவனும் சொந்தம்.

மறுநாள் போலீஸ் விசாரிச்சாங்க. பார்த்ததைச் சொன்னேன். "வேகமா வந்தான் சார், போன் பேசிக்கிட்டே வந்தான்"னு சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அப்புறம் கொரோனா வந்துது, போச்சு. நானும் மறந்துட்டேன்னே சொல்லணும். 2022ல சம்மன் வந்துது. அரசுத் தரப்பு சாட்சி, சுருக்கமா 'அ.சா.3'. நாப்பத்தி சொச்சம் வருஷமா எங்க அப்பா வச்ச பேரோட இருந்தேன், ஒரே நாள்ல அ.சா.3 ஆயிட்டேன்.

கோர்ட்டு பக்கத்து டவுன்ல. நாலு தடவை போனேன், நாலு தடவையும் வாய்தா. ஒருநாள் வக்கீல் வரல, ஒருநாள் இன்ஸ்பெக்டர் வரல, ஒருநாள் ஏதோ பகிஷ்கரிப்பு, ஒருநாள் எங்க கேஸ் வர்றதுக்குள்ள மணி அஞ்சாச்சு. ஒவ்வொரு தடவையும் நாங்க நாலு பேரும் ஒரே பஸ்ல போவோம், ஒரே பஸ்ல வருவோம். நான், அந்தப் பையன், அவங்கம்மா, பெரியம்மா. வேற வழி கிடையாது, எங்க ஊருக்கு சாயந்திரம் இருக்கறதே ஒரு பஸ்தான். கோர்ட் வாசல்ல வேப்பமரத்தடியில ஒரே பெஞ்சு. பையனோட அம்மா புளிசோறு கட்டிக்கிட்டு வரும், பெரியம்மாவுக்கும் ஒரு பொட்டலம் குடுக்கும். பெரியம்மா மறுபேச்சு பேசாம வாங்கி சாப்பிடும். பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. பையன் ஒவ்வொரு தடவையும் "மாமாவுக்கும் சேர்த்து ஒண்ணு"ம்பான். எதிர்க்கட்சி காசுல சாட்சி டிக்கெட் எடுக்கக்கூடாதுன்னு நான் தடுத்துடுவேன். எட்டு ரூபாய்க்கு அவ்வளவு பெரிய தர்மசங்கடம்.

எதிர்க்கட்சின்னு நான் சொல்றேன், கோர்ட்டு பாஷையில இன்னும் கறார். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தமிழ்ல 'எதிரி'ன்னு பேர். என்னை மாமான்னு கூப்பிடற பையன் கேஸ் கட்டுல 'எதிரி'.

அஞ்சாவது வாய்தாவுக்கு முந்தின நாள் ராத்திரி அந்தம்மா வீட்டுக்கு வந்துச்சு. திண்ணையில உட்காரல, நின்னுக்கிட்டே பேசிச்சு. "இல்லாததைச் சொல்லுன்னு கேக்கலண்ணா. போன் விஷயத்தை மட்டும் விட்டுடு. அந்த ஒரு வார்த்தையிலதான் அவன் பொழப்பு போயிடும்னு வக்கீல் சொல்றாரு." நான் எதுவும் சொல்லல. பெரியம்மா எதுவும் கேக்க வரல. வராததுதான் எனக்கு ஜாஸ்தி கனமா இருந்துச்சு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதை அப்படியே மனசுல ஓட்டிப் பார்த்தேன். பஸ், குட்டியானை, புல்லுக்கட்டு. வேகம் நிச்சயம். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆனா போன்? எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும், அவன் வலது கை காதுகிட்ட இருந்தது தெரியுது. கையில போன் இருந்தது தெரியல. பின்ன எப்படி போலீஸ்ல அவ்வளவு தைரியமா சொன்னேன்? யோசிச்சா, விபத்து நடந்த அரைமணி நேரத்துல டீக்கடையில எல்லாரும் "போன் பேசிக்கிட்டு வந்தான்பா"ன்னு பேசிக்கிட்டாங்க. அதை நானும் கேட்டேன், நானும் சொன்னேன். ராத்திரிக்குள்ள அது நான் கண்ணால பார்த்ததா ஆயிடுச்சு.

இதுல பெரிய வில்லங்கம் என்னன்னா, என் மனசாட்சி சொல்றதும் அந்தம்மா கேட்டதும் ஒண்ணா இருந்துச்சு. நான் உண்மையைச் சொன்னாலே ஊர் என்னை விலை போயிட்டான்னுதான் சொல்லும்.

டவாலி மூணு தடவை பேர் கூப்பிட்டார். ஏறினேன். சத்தியப் பிரமாணம். சினிமாவுல காட்டற மாதிரி கீதை எல்லாம் இல்ல, வாயால சொல்றதுதான். அரசு வக்கீல் கேட்டார், வண்டி எப்படி வந்துச்சு? ரொம்ப வேகமா வந்துச்சு, நின்ன பஸ்ஸைத் தாண்டி வலது பக்கம் ஏறி வந்துச்சுன்னேன். ஓட்டினவரைப் பார்த்தீங்களா? பார்த்தேன், ஒரு கை காதுகிட்ட இருந்துச்சு. கையில என்ன இருந்துச்சு?

"கையில என்ன இருந்துச்சுன்னு நான் பார்க்கலைங்க."

அரசு வக்கீல் கட்டைப் புரட்டினார். போலீஸ்ல போன்னு சொல்லியிருக்கீங்களேன்னார். சொன்னேன்தான், ஊர்ல பேசிக்கிட்டதை வச்சு சொல்லிட்டேன், கண்ணால பார்த்தது கை மட்டும்தான்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கே! இந்த மாதிரி சொன்னதை மாத்தற சாட்சியைப் 'பிறழ்சாட்சி'ன்னு அறிவிக்கச் சொல்லிக் கேக்கலாம். அவர் கேக்கல, விட்டுட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, அறுபது எழுபது அடி தூரத்துல இருந்து வேகத்தை எப்படிக் கணிச்சீங்க, உங்ககிட்ட மீட்டர் இருந்துச்சான்னு மடக்கினார். நாப்பது வருஷமா அந்த ரோட்டுல வண்டி பார்க்கறேன், வேகம் தெரியும்னேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். கையெழுத்து போட்டேன், இறங்கினேன். நாலு வருஷமா சுமந்தது இருபது நிமிஷத்துல முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நினைச்சேன். வேப்பமரத்தடிக்கு வந்தா ரெண்டு பொம்பளைங்களும் என்னைப் பார்க்கல. வேகத்தைச் சொல்லிட்டேன்னு அந்தம்மாவுக்குக் கோவம். போனைச் சொல்லலைன்னு பெரியம்மாவுக்கு.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுல வந்து இறங்கினோம். ஊர் பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருக்கு. அவங்களோட நிக்க முடியல. பக்கத்துல இருக்கற வைகுண்டப்பெருமாள் கோயிலுக்குள்ள போயிட்டேன். ஆமாங்க, பாடப்புத்தகத்துல படிச்சோமே, குடவோலை, அந்தக் கல்வெட்டு இருக்கற கோயில்தான். உள்ளூர்க்காரன் எவனும் போகமாட்டான், வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு வழிகாட்டறதோட சரி. நான் பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப போனது.

அன்னைக்குக் கல்லைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அந்த எழுத்தைப் படிக்க நமக்கு வராது. விஷயம் தெரியும். முதலாம் பராந்தக சோழனோட 12ஆம் ஆட்சியாண்டுல, அதாவது 919ல ஒரு தடவை, 14ஆம் ஆண்டுல, 921ல ஒரு தடவை, சபைக்கு ஆள் எடுக்கற விதியை வெட்டியிருக்காங்க. ஊரை 30 குடும்பாப் பிரிச்சு, தகுதி உள்ளவங்க பேரை ஓலையில எழுதி, குடத்துல போட்டு, உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லணும். சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். கால் வேலிக்கு மேல வரி கட்டற நிலம், சொந்த மனையில வீடு, வயசு 35க்கு மேல 70க்குள்ள. இதை ஜனநாயகத்தோட தொட்டில்னு மேடையில பேசறப்ப ஒண்ணை விட்டுடறாங்க. அது சதுர்வேதிமங்கலம். வேதம் படிச்ச, நிலம் வச்சிருந்த பிராமண ஆம்பளைங்களோட சபை. என் பேரோ, வேப்பமரத்தடியில உட்கார்ந்திருந்தவங்க பேரோ அந்தக் குடத்துக்குள்ள போயிருக்காது.

அதைச் சொல்லிட்டு இதையும் சொல்லணும். அன்னைக்கு என் கண்ணுக்குப் பட்டது, யாரை உள்ள விடலாம்ங்கற விதி இல்ல. எப்ப வெளியே அனுப்பணும்ங்கற விதி. 360 நாள்தான் பதவி. முடிஞ்சா இறங்கிடணும். மூணு வருஷத்துக்குத் திரும்ப வரக்கூடாது. இருந்தப்போ கணக்குக் காட்டாம போனவன் பேரை மறுபடி குடத்துல போடக்கூடாது. அவன் மட்டும் இல்ல, அவன் சித்தி பெரியம்மா பசங்க, அத்தை மாமன் பசங்க, சகோதரியோட மாப்பிள்ளை, மருமகப் பசங்கன்னு ஒரு பட்டியலே போட்டு, அவங்க பேரும் கூடாதுன்னு வச்சிருக்காங்க. 919க்கும் 921க்கும் நடுவுல ரெண்டே வருஷம். அதுக்குள்ள விதியைத் திருத்தி வெட்டியிருக்காங்கன்னா, நடுவுல என்னென்ன சண்டை நடந்துதோ. ஊரே சொந்தமா இருக்கற இடத்துல ஊர்க்காரியம் பார்க்கறது எவ்வளவு பெரிய வம்புன்னு, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே அனுபவிச்சவங்க எழுதின விதி அது.

நியூஜெர்சி நண்பர் சொன்னார், ஜூரிக்கு எடுக்கறப்பவே "கட்சிக்காரங்க யாரையாவது தெரியுமா"ன்னு கேப்பாங்களாம். தெரியும்னா வீட்டுக்குப் போகலாம். நியாயம்தான். ஜட்ஜுக்கு வேண்டியவங்க கேஸ்னா வேற ஜட்ஜு பார்ப்பார். குடத்துல கூட சொந்தக்காரன் ஓலை வேண்டாம்னு எடுத்துப் போடலாம். சாட்சியை மட்டும் மாத்த முடியாது. அந்த நேரத்துல அந்த பெஞ்சுல எவன் உட்கார்ந்திருந்தானோ அவன்தான் சாட்சி. அவன் மாமனா மச்சானான்னு கேஸ் பார்க்காது. சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு, அவன் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போகணும். சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம்னு ஒண்ணு 2018ல சுப்ரீம் கோர்ட் ஒப்புதலோட வந்துது. மிரட்டினா பாதுகாப்பு குடுப்பாங்க. என்னை யாரும் மிரட்டலையே. பேசாம இருந்தா அதுக்கு எந்த ஸ்டேஷன்ல போய் மனு குடுக்கறது?

பஸ் வந்துது. நாலு பேரும் ஏறினோம். நான் முன்னாடி, பெரியம்மா நடுவுல, அம்மாவும் பிள்ளையும் கடைசி சீட்டுல. கண்டக்டர் வந்தப்போ காதைக் கூர்மையா வச்சுக்கிட்டிருந்தேன். "ஒண்ணு"ன்னான் பையன். அவனுக்கு மட்டும். நாலு தடவை வேணாம் வேணாம்னு தடுத்தவன் நான்தான். அன்னைக்கு அவன் கேக்காதது என்னமோ மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டாம திண்ணையிலேயே உட்கார்ந்துட்டேன். வீட்டம்மா ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்து வச்சு, "என்ன சொன்னே?"ன்னு கேட்டா. சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. அப்புறம், "பார்த்ததைச் சொல்லிட்டே. விடு. பத்து மணிக்கு மும்முனை கரண்ட் வருமாம், நெல்லுக்குத் தண்ணி பாயணும். சாப்பிட்டுட்டு போய் மோட்டாரைப் போடு"ன்னா. நவரைப் பட்டம், பால் பிடிக்கற நேரம், காய விட முடியாது. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போனேன். கரண்ட் வர்ற வரைக்கும் கிணத்து மேட்டுல உட்கார்ந்திருந்தேன். நியூஜெர்சிக்காரருக்கு கார் பார்க்கிங், எனக்குக் கிணத்து மேடு. மடை திருப்பிவிட்டு மண்ணை வெட்டிப் போட்டப்பதான் கை நடுக்கம் நின்னுச்சு. தோசையா சப்பாத்தியான்னு கேட்ட அந்தப் பொண்ணும், மோட்டாரைப் போடுன்ன என் பொண்டாட்டியும் ஒரே காரியத்தைத்தான் செஞ்சிருக்காங்கன்னு இப்ப எழுதறப்போ தோணுது.

மறுநாள் காலையில பால் வரல.

அடுத்த நாளும் வரல. தெருவுல எல்லா வீட்டுக்கும் ஊத்திட்டு எங்க வாசலைத் தாண்டிப் போச்சு அந்தம்மா. ஆவின் பாக்கெட் வாங்க ஆரம்பிச்சோம். டீக்கடையில ரெண்டு விதமா பேசினாங்க. "சொந்தக்காரப் பையனைக் காட்டிக் குடுத்துட்டான்"னு ஒரு பெஞ்சு, "காசு வாங்கிக்கிட்டு போனை விழுங்கிட்டான்"னு ஒரு பெஞ்சு. ஒரே ஆளு எப்படிய்யா ரெண்டையும் செய்வான்னு யாரும் கேக்கல.

ஒரு மாசம் கழிச்சு பெரியம்மா வயக்காட்டுல என்னை மடக்கிச்சு. "தம்பி, எங்கிட்ட நெஜத்தைச் சொல்லு. அவன் கையில போன் இருந்துச்சா இல்லையா?" கோர்ட்டுல சத்தியம் பண்ணினப்போ கூட எனக்கு அவ்வளவு பயம் இல்ல. "கை காதுகிட்ட இருந்துச்சு பெரியம்மா. போன் இருந்திருக்கலாம். நான் பார்க்கல"ன்னேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துச்சு. "சரி"ன்னுச்சு. போயிடுச்சு. நம்பிச்சா நம்பலையான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது.

2023 கடைசியில தீர்ப்பு வந்துது. எனக்கு யாரும் சொல்லி அனுப்பல, சாட்சிக்கு அதெல்லாம் சொல்றதில்ல. டீக்கடையிலதான் கேள்விப்பட்டேன். வேகமாவும் கவனக்குறைவாவும் ஓட்டினது நிரூபணம், போன் விஷயம் நிரூபிக்கப்படல. ஆறு மாசம் தண்டனை, அபராதம். அப்பீல் போட்டு தண்டனையை நிறுத்தி வச்சிருக்காங்க. பெரியம்மாவுக்கு விபத்து இழப்பீடு தனி வழக்குல கிடைச்சுது. பையன் இப்ப வண்டி ஓட்டறதில்ல, கம்பெனி வேலைக்குப் போறான்.

பால் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த வருஷமே அவங்க பசு கன்னு போட்டுச்சு. கன்னு போட்டா தெருவுல எல்லா வீட்டுக்கும் சீம்பால் குடுக்கறது எங்க ஊர் வழக்கம். எங்களுக்கு வராதுன்னுதான் நினைச்சேன். சாயந்திரம் ஒரு கிண்ணம் திண்ணையில இருந்துச்சு. ரோட்டுல நின்னுக்கிட்டே, "அண்ணி, பாத்திரத்தை அப்புறமா குடு"ன்னு குரல் மட்டும் வந்துச்சு. நான் உள்ளதான் இருந்தேன். நான் வெளியே வர்றதுக்குள்ள போயிடுச்சு. வீட்டம்மா அதுல வெல்லம் போட்டுக் கிண்டினா. பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கறப்போ வெறுமனே குடுக்கக் கூடாதுன்னு ஒரு ஆழாக்கு அரிசி போட்டு அனுப்பினா.

இப்ப தினம் பால் வருது. வீட்டம்மாகிட்ட ஊர்க்கதை எல்லாம் பேசும். நான் இருந்தா ஊத்திட்டுப் போயிடும். பையன் எதிர்ல வந்தா தலையை ஆட்டுவான், மாமான்னு கூப்பிடறது இன்னும் வரல. வரும்னு நினைக்கறேன். அந்தச் சபைக்காரங்களுக்கு மூணு வருஷம்னு கணக்கு இருந்துச்சு. எனக்கு எத்தனை வருஷம்னு எந்தக் கல்லுலயும் எழுதல.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவுல ஜூரி டியூட்டி பார்த்துட்டு வந்த நண்பர்கள் யாராவது இருந்தா சொல்லுங்க. அன்னைக்கு வீட்டுக்குப் போய் முதல் வேலையா என்ன செஞ்சீங்க?

டிஸ்கி: ஊர் பேர், ஆள் பேர் எதுவும் வேணும்னேதான் சொல்லல. தெரிஞ்சவங்க தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. காலையில பால் வேணும் எனக்கு :-)